3,499 ரூபாய்க்கு ஒரு டுபாக்கூர் கத்தி: புஷ்கிராஃப்ட் கிட் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. டென்ட், டார்ச், மலையேற்றப் பை எல்லாம் விற்கிற ஓர் ஆன்லைன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘புதியவர்களுக்கான புஷ்கிராஃப்ட் கிட்’ (புஷ்கிராஃப்ட் என்றால் காட்டில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கிற கலை) என்று போட்டிருந்தார்கள். கத்தி, தோல் உறை, ஃபெரோ ராட் (உரசினால் தீப்பொறி பறக்கும் குச்சி), பாராகார்ட் கயிறு, எல்லாம் சேர்த்து 3,499 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, முழுப் பணமும் முதலிலேயே.

1095 ஹை கார்பன் ஸ்டீல், 4 மி.மீ. தடிமன், ஃபுல் டாங் என்று எழுதியிருந்தது. ஃபுல் டாங் என்றால் அலகின் இரும்பு பிடியின் அகலத்துக்கே ஒரே பட்டையாகக் கடைசிவரை ஓட வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் சாட்டில் கேட்டேன்: “பேட்டனிங் தாங்குமா?” (அலகைக் கட்டையில் வைத்து, அதன் முதுகில் மரத்தடியால் அடித்து விறகைப் பிளப்பது.) உடனே பதில். “தாராளமா சார். கட்டையில வச்சு அடிங்க. உடைஞ்சா புதுசு அனுப்புறோம், லைஃப்டைம் வாரண்டி.” கூடவே ஒரு வீடியோ, கத்தி விறகைப் பிளந்துகொண்டே போகிறது. அந்த வீடியோவை நம்பித்தான் 3,499 ரூபாய் போனது. இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அதில் பிடியின் முதுகில் இரும்புப் பட்டை பளிச்சென்று தெரிகிறது. வந்த கத்தியில் அந்தப் பட்டையே இல்லை. வீடியோவில் இருந்தது வேறு கத்தி.

நான் பிளக்கப் பார்த்த கட்டை முருங்கை. சவுக்கோ வேலமோ இல்லை, முருங்கை! நாலைந்து அடியில் அலகு தனி, பிடி தனி. உள்ளே பார்த்தால் பென்சில் மொத்தத்தில் ஒரு கம்பி, அதை அலகின் அடியில் வெல்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மிச்ச இடம் முழுக்க எபாக்சி பசை. வெளியே தெரிந்த இரண்டு ரிவெட்டும் வெறும் தலை, ஊடுருவவே இல்லை. பேட்டனிங்கில் அடியின் அதிர்ச்சி எல்லாம் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் போய் நிற்கும். வெல்டு வைத்த ஓரம் ஏற்கெனவே நொறுங்கும் பதத்தில் இருக்கும், அங்கேயே விட்டுவிட்டது.

இரும்பும் பொய். 1095-இல் கறை பிடிக்காமல் தடுக்கிற குரோமியம் கிடையாது, அதனால் எலுமிச்சை மூடியைத் தேய்த்து வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே சாம்பல் நிறக் கறை படியும். இது ராத்திரி முழுக்க வைத்தும் பளபளவென்றே இருந்தது. மலிவு ஸ்டெயின்லெஸ். காந்தம் ஒட்டுதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கத்திக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும். சரியாகப் பதம் ஏற்றிய கார்பன் கத்தி 56 முதல் 58 ராக்வெல் (கடினத்தின் அளவு) இருக்கும், அதன்மேல் அரம் கடிக்காமல் வழுக்கத்தான் பார்க்கும். இதில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அலகின் முதுகையும் உருட்டி மழுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். முதுகு 90 பாகையில் கூராக இல்லாவிட்டால் ஃபெரோ ராடில் சரியாகப் பொறி வராது. ராடு மேல் இருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகும் (அது புது ராடில் வழக்கமாக இருக்கும், புதியவர்கள் அதைப் பார்த்து ராடு மோசம் என்று நினைப்பார்கள்) ரெண்டு மூணு பொறிதான். கயிறு? அசல் 550 பாராகார்டில் உள்ளே ஏழு இழை இருக்கும். இதை அறுத்தால் பஞ்சு வருகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் “அன்பாக்சிங் வீடியோ இருக்கா சார்?” இருந்தது, அனுப்பினேன். அடுத்து “கத்தி வெட்டத்தான் சார், அடிக்க இல்ல, இது மிஸ்யூஸ்.” அலகு 11 செ.மீ., கட்டை 6 செ.மீ., முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கணு இல்லாத கட்டை, அடித்தது மரத்தடியால், சுத்தியலால் அல்ல. இதற்கு மேல் ஒழுங்காக யாரும் பேட்டனிங் செய்ய முடியாது. அவர்களே சாட்டில் சொன்னதைக் காட்டினேன். “அந்த ஏஜென்ட் இப்ப இல்லை.” பிறகு ‘கூர்மையான பொருள், ரிட்டர்ன் கிடையாது.’ கடைசியில் 200 ரூபாய் கூப்பன்! 3,499 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன், அதுவும் அதே கடையில் வாங்க. வேண்டாம் என்றதும் ‘பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. பிடியின் முதுகில் இரும்பு தெரிகிற படம் கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள். அலகு 10 முதல் 12 செ.மீ., தடிமன் 3 மி.மீ. சுமார் போதும். பிடிக்குள் தீப்பெட்டி, மூடியில் திசைகாட்டி வைத்த கத்தி பக்கமே போகாதீங்க. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதச் சட்டத்தில் மாட்டலாம். சரணாலயத்துக்குள் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டு போகக் கூடாது, தீ மூட்டவும் கூடாது. கத்தியைப் பயிற்சிக்காக வாங்குகிறீர்கள் என்றால் வீட்டுக் கொல்லையே போதும்.

ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிங்க. 2020 மின்வணிக விதிப்படி கடையின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட் உரையாடலை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டிக்கெட்டை மூடியதும் ஆப்பில் அந்த உரையாடலே காணாமல் போய்விட்டது.