மெரோபெனம் ஊசியின் விலை: ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் எட்டு நாள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் தாயார் சிறுநீர்த் தொற்று முற்றி, குளிர்காய்ச்சலுடன் எட்டு நாள் தங்க நேர்ந்தது. மருத்துவர்களைப் பற்றியும் செவிலியர்களைப் பற்றியும் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே நான் எழுதுவது அந்த மருத்துவமனையின் உள் மருந்தகத்தைப் பற்றியும், கேஷ்லெஸ் முறையில் (காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) அங்கிருந்து வந்த ஒரே ஓர் ஊசி மருந்துக்கு நாங்களும் காப்பீட்டு நிறுவனமும் கொடுத்த விலையைப் பற்றியும் மட்டுமே.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்குக் கேட்டாலும் மருந்து பத்து நிமிடத்தில் வார்டுக்கு வந்துவிடும். கட்டணப் பட்டியலில் ஒவ்வொரு குப்பிக்கும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும். கேட்டால் எந்த நேரத்திலும் இடைக்காலப் பட்டியலைக் கொடுப்பார்கள். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கே நாலு இடம் அலைய வேண்டும் என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

சேர்த்த அன்று மருத்துவர் எழுதியது மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. வார்டுக்கு வந்ததோ மெரோபெனமும் சல்பாக்டம் என்ற துணை மருந்தும் சேர்ந்த ஒன்றரை கிராம் குப்பி. வெள்ளைத் தூளை நீரில் கரைத்து, சலைன் பாட்டிலில் சேர்த்து, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். செவிலியர் ஓரமாக வைத்த காலிக் குப்பியை எடுத்துப் பார்த்தேன். மிகச் சிறிய எழுத்தில் எம்.ஆர்.பி. 2,480 ரூபாய் என்று இருந்தது. இரண்டு நாளில் ஆறு குப்பி, 14,880 ரூபாய். ஏழு நாளும் அதுவே தொடர்ந்திருந்தால் 21 குப்பிக்கு 52,080 ரூபாய் ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள், எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை கிருமி, மெரோபெனம் தனியாகவே வேலை செய்யும் என்று அதில் இருந்தது. கூட்டு மருந்து தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், தான் எழுதியதே வெறும் மெரோபெனம்தான் என்று சொல்லி, அன்றே மாற்றச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஒரு கிராம் குப்பியின் அச்சிட்ட விலை, முந்தையதில் பாதியைவிடக் குறைவு.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெரோபெனம் சேர்க்கப்பட்டது. அப்படிச் சேர்ந்த மருந்துக்கு, 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு விலை உண்டு: சந்தையில் ஒரு விழுக்காடாவது பங்குள்ள பிராண்டுகள் சில்லறைக் கடைக்குக் கொடுக்கும் விலையின் சராசரியை எடுத்து, அதன் மேல் 16 விழுக்காடு கடைக்காரர் லாபத்தைக் கூட்டுவார்கள். சல்பாக்டம் சேர்ந்த கூட்டு மருந்து அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு, ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்பதுதான் பொதுவான கட்டுப்பாடு. மருந்தகம் எதை அலமாரியின் முன்வரிசையில் வைக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

‘இன்சூரன்ஸ்தானே சார் கொடுக்கப் போகிறது’ என்று பில்லிங் கவுன்டரில் சொன்னார்கள். என் தாயாரின் பாலிசியில் 20 விழுக்காடு கோ-பே, அதாவது நாங்களே கட்ட வேண்டிய பங்கு, உண்டு. முதல் ஆறு குப்பிகளுக்கு மட்டும் எங்கள் கையிலிருந்து போன பங்கு 2,976 ரூபாய். பிறகு ஒரு நாள் ஊருக்குள் இருக்கும் மொத்த மருந்துக் கடையில் விசாரித்தபோது, வேறொரு நிறுவனத்தின் மெரோபெனம் ஒரு கிராம் குப்பியை 410 ரூபாய்க்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஆறு குப்பிக்கு 2,460 ரூபாய். காப்பீடே இல்லாமல், மருத்துவர் எழுதிய மருந்தை வெளியில் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால்கூட எங்களுக்குச் செலவு குறைந்திருக்கும். இந்தக் கணக்கை நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

காப்பீட்டு நிறுவனத்தின் கண் வேறு பக்கம் இருந்தது. வெப்பமானி, கையுறை, முகக்கவசம் என்று 1,860 ரூபாயைக் கொடுக்க முடியாது எனக் கழித்தவர்கள், 2,480 ரூபாய்க் குப்பியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் போகாத வரை அவர்கள் கணக்கில் அது சரியான விலை. அவர்கள் கொடுத்த 80 விழுக்காடும் என் தாயாரின் மூன்று லட்ச ரூபாய் காப்பீட்டுத் தொகையிலிருந்துதான் கழிந்தது.

2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் கட்டணப் பட்டியல்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இதே விஷயத்தைத்தான் பேசியது. சில பொருள்களில் லாபம் 1,737 விழுக்காடு வரை போயிருந்தது என்பதைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: அச்சிட்ட விலையே உயர்த்தி வைக்கப்பட்டிருப்பதால், மருத்துவமனை எம்.ஆர்.பி.யை மீறாமலேயே அந்த லாபத்தை எடுக்க முடிகிறது என்று அந்த அறிக்கை சொன்னது.

வெளியில் வாங்கி வரலாமா என்று கேட்டதற்கு, ‘தரத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்’ என்றார்கள். அந்தப் பதிலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உயிர் காக்கும் ஊசியில் போலி கலந்தால் விளைவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே மூச்சில் மலிவான வேறு பிராண்டு உங்களிடம் உண்டா என்றால் பதில் வராது. உள் மருந்தகத்திலேயே வாங்கக் கட்டாயப்படுத்துவதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தானாக உத்தரவு எதுவும் போடாமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டது.

அரசு மருத்துவமனையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிராண்டுப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கும் மருந்து நோயாளிக்கு இலவசம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு தொகைதான் என்பதால், விலை கூடிய குப்பியை எடுத்தால் அது மருத்துவமனையின் கையைத்தான் கடிக்கும்.

வேகத்துக்கும் பட்டியலின் தெளிவுக்கும் இந்த மருந்தகத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். விலைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. மீண்டும் அங்கே சேர்க்க நேர்ந்தால், முதல் குப்பி வரும்போதே அதில் இருப்பது ஒரு மருந்தா, இரண்டா என்று பார்த்துவிடுவேன். வீடு திரும்பிய அன்று பிரிக்காத இரண்டு குப்பிகளைத் திருப்பிக் கொடுத்தோம். அவற்றுக்கான தொகையை இறுதிப் பட்டியலில் கழித்தார்கள், நான் இரண்டாம் முறை போய் நினைவூட்டிய பிறகு.