இரண்டு பித்தளைக் குடமும் எங்கள் அப்பார்ட்மென்ட் தேர்தலும்

"என்னம்மா, உள்ளே கையை விட்டுப் பாக்குறீங்க? ஓட்டையெல்லாம் இருக்காது" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"ஓட்டைக்கில்லீங்க. கை போகுதான்னு பாக்குறேன். எலெக்‌ஷனுக்கு வேணும்."

கொஞ்சம் யோசித்தார். "சின்னம் குடமா? எந்த வார்டும்மா?"

சின்னம் இல்லை, எங்களுக்கு வாக்குப்பெட்டியே குடம்தான். தாம்பரம் பக்கம் 48 வீடுள்ள அப்பார்ட்மென்ட். ஏ பிளாக்கில் 32, பி பிளாக்கில் 16. வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுத்தான் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். ஏ பிளாக்கில் ஒரு கோஷ்டி சேர்ந்தால் ஆறு பேரும் அங்கிருந்தே வந்துவிடுவார்கள். பி பிளாக் லிஃப்ட் நாலு மாசம் நின்று கிடந்தது. வெளியூரில் இருக்கும் ஓனர்களிடம் ப்ராக்ஸி கையெழுத்து வாங்க ராத்திரி பதினொரு மணிக்குப் போன், வாட்ஸ்அப்பில் சாடைப்பேச்சு. கடைசித் தேர்தலுக்கு அப்புறம் ரெண்டு வீட்டுக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் கொலுவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919லும் 921லும் வெட்டியவை. ஊர்ச்சபை வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் எடுப்பது எப்படி என்ற விதிமுறை. பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க்குக்குப் படித்ததுதான். சுவருக்கு முன்னால் நின்றபோது வேறு மாதிரி இருந்தது. தபால் இலாகாவில் 31 வருஷம் கடிதம் பிரித்தவள் நான். எந்தச் சீட்டு எந்தக் கட்டில், எந்தக் கட்டு எந்தக் குடத்தில், யார் கையிலிருந்து யார் கைக்கு என்று அவர்கள் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பதைக் கேட்டதும் எனக்கு ஆபீஸ் ஞாபகமே வந்துவிட்டது. திரும்பும் வழியில் காஞ்சிபுரத்தில் முதல் குடத்தை வாங்கினேன். ரெண்டு குலுக்கல் முடிந்துவிட்டது, ரெண்டாவது குடமும் வந்துவிட்டது. இனி தைரியமாக விமர்சனம் எழுதலாம்.

முதல் குடம்: எடை 2 கிலோ 400 கிராம், கூலி சேர்த்து ரூ.2,200. சத்தம் நன்றாக வருகிறது. இது முக்கியம். சீட்டு குலுங்குவது கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் வாளியில் ஒத்திகை பார்த்தோம். ஏதோ சீட்டுப் பிடிக்கிற இடம் மாதிரி இருந்தது. எங்கள் பையன்கள் மொபைல் ஆப்பில் ஒரு பட்டனை அமுக்கினால் ஆறு பேர் வந்துவிடும் என்றார்கள். வரும்தான். உள்ளே என்ன நடந்தது என்று 304ஆம் வீட்டு மாமிக்கு யார் சொல்வது? குடத்தைக் கவிழ்த்துக் காட்டினால் மாமி ஒத்துக்கொள்கிறார்.

இந்த ரகத்தில் போட்டிப் பொருள் என்றால் பழைய ஏதென்ஸில் இருந்த க்ளேரோடெரியான்தான். ஆளுயரக் கல், அதில் வரிசை வரிசையாகத் துளை. பெயர் பொறித்த தகட்டைத் துளையில் செருகி, பக்கத்துக் குழாய் வழியாகக் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டு உருட்டிவிடுவார்கள். விழுகிற குண்டின் நிறத்தைப் பொறுத்து ஒரு வரிசை முழுக்க உள்ளே, அல்லது முழுக்க வெளியே. 500 பேர் கொண்ட சபையையே குலுக்கலில் எடுத்த ஊர் அது. ஆனால் படைத்தளபதிகளை மட்டும் ஓட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். அதைப் படித்த பிறகு நாங்களும் கணக்கு எழுதுகிற வேலையைக் குடத்தில் போடவில்லை. மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்துவிட்டோம். கல் மெஷினை லிஃப்டில் ஏற்ற முடியாது என்பதால் குடத்துக்கே என் ஓட்டு.

குறைக்கு வருகிறேன். வாய் ரொம்பக் குறுகல். என் கை வளையலோடு கழுத்தில் சிக்கிக்கொண்டது, சோப்பு போட்டு எடுக்க வேண்டியிருந்தது. உத்திரமேரூரில் சின்னப் பையனை எடுக்கச் சொன்னது கள்ளமில்லாத பிள்ளை என்பதற்காகத்தான். இருந்தாலும் அவர்கள் குடத்துக்கும் கழுத்து இப்படித்தானோ என்று எனக்கொரு சந்தேகம். எங்களுக்கு வாட்ச்மேன் அண்ணனின் மகள் எடுத்துக் கொடுத்தாள். எல்.கே.ஜி., இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும் என்று கல்வெட்டில் இருக்கிறது. விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்துவைத்த ஆசாமி யாரோ இருந்திருக்கிறார், அதனால்தான் இந்த விதி என்று அடித்துச் சொல்வேன். நாங்களும் அப்படியே வாங்கினோம். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் ஒருத்தர் விடாமல் கையையே பார்த்தார்கள்.

குடத்தைவிடக் கஷ்டம், அதற்குள் எந்தப் பெயர் போகலாம் என்பதுதான். மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் கூடாது, இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது, அவருடைய உறவுக்காரர்கள் பெயரும் கூடாது என்பது அந்த ஊர் விதி. இதை எங்கள் பொதுக்குழுவில் படித்தபோது பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ரெண்டு வருஷத் தண்ணி லாரி பில்லை இன்னும் கொடுக்காதவர் ஒருவர் எங்களிடமும் இருந்தார். அவர் வீடு மனைவி பேரில். "அவங்க பேரைப் போடலாமே" என்றார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதற்குப் பதில் எழுதியாச்சு சார் என்றேன். ஒன்றரை மணி நேரச் சண்டை. கடைசியில் 48ல் 41 பெயர்தான் குடத்துக்குள் போனது.

குடவோலை என்றதும் உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். அது பிரம்மதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில் இருக்க வேண்டும். என் பெயரோ, ஓலை எடுத்துக் கொடுத்த குட்டியின் அப்பா பெயரோ அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. நான் எடுத்துக்கொண்டது அவர்களுடைய கை சுத்தத்தை மட்டும்தான்.

"லாட்டரியில் ஆள் எடுத்தால் சட்டப்படி செல்லுமா?" என்று கேட்டார் ரிட்டயர்டு இன்ஜினியர் சார். நியாயமான கேள்வி. எங்கள் சங்க பைலாப்படி பொதுக்குழுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் குடத்தில் வந்த ஆறு பெயரையும் படித்து, பொதுக்குழுவைக் கைதூக்கச் சொன்னோம். அயர்லாந்தில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 2016லிருந்து 2018 வரை, சீட்டுப் போட்ட மாதிரி நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த 99 பேர், தலைவராக ஒரு நீதிபதி. வார இறுதிகளில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, கருக்கலைப்புத் தடை பற்றி டாக்டர்களையும் வக்கீல்களையும் பாதிக்கப்பட்ட பெண்களையும் கேட்டார்கள். எந்தக் கட்சியும் தொடப் பயந்த விஷயம். தடையை நீக்கலாம் என்று அவர்கள் சொன்னதோடு முடியவில்லை. அது நாடாளுமன்றத்துக்குப் போய், 2018 மே 25 அன்று மொத்த நாடும் ஓட்டுப் போட்டு, 66.4 சதவீதம் ஆமாம் என்ற பிறகுதான் நடந்தது. நம் ஊர்ச் சட்டத்திலேயே, ரெண்டு வேட்பாளருக்குச் சமமாக ஓட்டு விழுந்தால் தேர்தல் அதிகாரி குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 65ஆம் பிரிவு. இதைச் சொன்னதும் சார் உட்கார்ந்துவிட்டார்.

முதல் குலுக்கலில் ஏ பிளாக் 5, பி பிளாக் 1. பி பிளாக்கில் முணுமுணுப்பு: "குடமும் ஏ பிளாக் குடம்தானா?" உத்திரமேரூரில் ஊரை 30 குடும்பாக, நம் வார்டு மாதிரி, பிரித்து, குடும்புக்கு ஒருவர் வரும்படி எடுத்தார்கள். 919ல் எழுதிய விதியை ரெண்டே வருஷத்தில் திருத்தியிருக்கிறார்கள், எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. ரெண்டாவது குடம் வாங்கி, ஏ குடத்திலிருந்து 4, பி குடத்திலிருந்து 2 என்று மாற்றினோம்.

ரெண்டாவது குலுக்கலில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஏ குடத்திலிருந்து குழந்தை எடுத்த சீட்டில் பி பிளாக் ஆள் பெயர்! அதுவும் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போனவர். போன வருஷத்துச் சீட்டு, கழுத்தும் வயிறும் சேருகிற இடத்தில் பற்றவைத்த பொருக்கில் சிக்கி, ஒரு வருஷம் அப்படியே இருந்திருக்கிறது. கவிழ்த்துக் காட்டியபோதும் விழவில்லை. முதலிலிருந்து மறுபடி குலுக்கினோம். இப்போது நோட்டுத் தாளை விட்டுவிட்டு, அஞ்சலட்டையை நாலாக வெட்டி எழுதுகிறேன். 12 அட்டை, 6 ரூபாய். விறைப்பாக நிற்கிறது, சிக்குவதில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். குடம் ஆள் பார்த்துத் தராது, எல்லா மாதிரி ஆளும் வரும். ஒருவர் தேர்வான பத்தாம் நாள் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்விட்டார்; அதிலிருந்து ரெண்டு பெயர் கூடுதலாக எடுத்து வைக்கிறோம். இன்னொருவர் கூட்டத்தில் தூங்குகிறார். ஆனால் ஏ 104ல் இருக்கும் நர்ஸ் அக்கா, வாட்ஸ்அப்பில் குட் மார்னிங்கூடப் போடாதவர், ஓட்டுக்கு நின்றிருக்கவே மாட்டார். முதல் வாரமே மூங்கில் கழியில் சென்டிமீட்டர் கோடு போட்டுச் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தண்ணித் தொட்டியில், இறக்கினார். எங்கள் சம்ப் 4 மீட்டருக்கு 3 மீட்டர். 12,000 லிட்டர் லாரி கொட்டினால் தண்ணீர் ஒரு மீட்டர் ஏற வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு அளந்தார். 85 சென்டிமீட்டர்தான் ஏறியது. லோடுக்கு 1,800 லிட்டர் குறைவு. எத்தனை வருஷமாக என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: கழுத்துக் குறுகிய குடம் வேண்டாம், தவலை மாதிரி அகல வாய் உள்ளதாகப் பாருங்கள். உள்ளே விரலால் தடவி, பற்றவைத்த இடம் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும், அதில் குறையே இல்லை.

முதல் குடத்துக்கு மூன்று நட்சத்திரம், ரெண்டாவதற்கு நாலரை. அரை குறைத்தது அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் தரையில் ஆடுவதால். குடத்துக்கு அடியில் வைக்கிற பிரிமணை இருக்கிறதா என்று அதே கடையில் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறா?" என்றார். பழைய நூல் புடவை ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.