பாட்டா, சைகையா: பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு எது துணை?

பேசத் தாமதிக்கும் குழந்தைக்குப் பாட்டுப் பாடுவதா, சைகை பழக்குவதா என்று கேட்கும் பெற்றோர் பலரும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாட்டு காதைப் பழக்குகிறது. சைகையோ, நாக்கு இன்னும் வசப்படாத குழந்தைக்குத் தன் தேவையைச் சொல்ல இப்போதே ஒரு வழியைத் தருகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் 12 அமர்வுகள் இசையோடு விளையாடிய 9 மாதக் குழந்தைகளின் மூளை, இசையில் மட்டுமின்றிப் பேச்சொலியிலும் கால ஒழுங்கு பிசகும்போது, பொம்மைகளோடு மட்டும் விளையாடிய குழந்தைகளின் மூளையைவிட வலுவாக எதிர்வினை காட்டியது. ஆனால் அக்குழந்தைகள் முன்கூட்டியே பேசினார்கள் என்பதற்கு இது சான்றாகாது.

சைகையைப் பற்றிய மிகையான நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே நிலவுகின்றன. பிரிட்டனில் 40 குழந்தைகளை 8 மாதம் முதல் 20 மாதம் வரை தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், இயல்பான வளர்ச்சியுள்ள குழந்தைகளின் பேச்சைச் சைகை விரைவுபடுத்தவில்லை. எனினும் சைகை பழக்கிய தாய்மார் குழந்தையின் சொல்லில்லாக் குறிப்புகளைக் கூடுதலாகக் கவனித்தனர். ஆகவே, சீக்கிரம் பேச வைப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் சைகை வகுப்புகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. சைகை பழகினால் பேச்சு வராது என்னும் பயத்துக்கும் இடமில்லை.

டவுன் சின்ட்ரோம், அதாவது கூடுதல் குரோமோசோமுடன் பிறக்கும் நிலை, உள்ள குழந்தைகளிடம் நிலைமை வேறு. அவர்களில் பலர் காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதை எளிதாக நினைவில் கொள்கிறார்கள்; பேச்சும் தாமதமாகவே வருகிறது. பிரிட்டனில் 1970களில் உருவான மக்கட்டான் முறையில், வாயால் வாக்கியத்தை முழுதாகச் சொல்லிக்கொண்டே முக்கியச் சொற்களுக்கு மட்டும் சைகை காட்டுவார்கள். இத்தகைய குழந்தைக்கு முதலில் சைகையையே பரிந்துரைப்பேன். கேட்டது கிடைக்காத ஆத்திரத்தில் வரும் அழுகை அதனால் குறையலாம்.

செவித்திறன் இல்லாத குழந்தைக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அக்குழந்தைக்குச் சைகை மொழி முழுமையான இலக்கணம் கொண்ட தாய்மொழியாகவே அமையக்கூடியது. அதனால்தான் பேச்சு தாமதமானால் செவிப் பரிசோதனையை முதலில் செய்துவிட வேண்டும்.

மற்றவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் பாடும் பாட்டின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தி, குழந்தையின் முகம் பார்த்துக் காத்திருங்கள். அச்சொல் ‘பால்’ என்றால், அதை வாயால் சொன்னாலும், கறப்பதுபோல் கை மூடித் திறந்தாலும், அதைப் பதிலாக ஏற்று, அந்தச் சொல்லை நீங்களும் தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்த அடியைப் பாடுங்கள்.