பனிக்காட்டுப் படமும் செங்கோட்டைச் சட்டக்கடையும்

சாமி படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் பிரேம் போட்டுத் தரும் கடை அது. செங்கோட்டை பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கேதான் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்கின் ‘ஓக் காட்டில் மடாலயம்’ ஓவியத்தின் அச்சுப் பிரதிக்குச் சட்டம் போட்டு வாங்கினேன். வேலை அருமை. பிரதியை அச்சிட்டு அனுப்பிய இணையக் கடையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

1809-10இல் வரைந்த ஓவியம். அசல் பெர்லினில் இருக்கிறது. குறுக்கே 171 செ.மீ. இடிந்த தேவாலயத்தின் ஒற்றைச் சுவர், இருபுறமும் மொட்டை ஓக் மரங்கள், பனித்தரையில் புதிதாகத் தோண்டிய குழி, சவப்பெட்டியோடு வாசலை நோக்கிப் போகும் துறவிகள். 1810 கண்காட்சியில் இதைப் பிரஷ்ய மன்னரே வாங்கினாராம். என்ன மனசோ அவருக்கு!

நான் மர டிப்போவில் கணக்கு எழுதுகிறவன். ஆரியங்காவுப் பக்கம் தேக்கு மாசி, பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும். மொட்டை மரம் என்றாலே எங்களுக்கு வெயில், சருகு, காட்டுத்தீ. இந்தப் படத்தில் மரம் கோடையைச் சொல்ல, தரை குளிரைச் சொல்கிறது. அங்கேயே வயிற்றில் ஏதோ செய்தது. அதைவிட, அடிமரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கீழே மூன்றில் ஒரு பங்கை இருட்டும் மூடுபனியும் விழுங்கிவிட்டன. மேலே கிளை நுனிகளில் மட்டும் மங்கிய மஞ்சள். ஒரு மரமாவது நேராக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கோணலும் முறிவுமாக, எங்கள் டிப்போவில் விறகுக்குத் தள்ளுகிற ரகம். ஆனால் சுற்றளவு எடுக்க அடியில் டேப்பைச் சுற்றவே எனக்குக் கை வராது.

அச்சிட்டவர்கள் அந்த இருட்டைத்தான் கெடுத்தார்கள். படம் மங்கலாக இருக்கிறதென்று வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறார்கள். பனிக்குள் பாதி மறைந்திருக்க வேண்டிய சிலுவைகள் பளிச்சென்று எண்ணுகிறமாதிரி வந்துவிட்டன. தங்கள் அளவுக்குப் பொருத்துவதற்காக இரண்டு ஓரத்தையும் வெட்டியும் இருந்தார்கள். சண்டை போட்டபின் வந்த மறு பிரதி தேவலை. அசலின் நிறத்தை மாற்றாமல் அச்சிடச் சொல்லி முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சட்டக்கடைக்காரர் உருளையைப் பிரித்ததும், “அண்ணாச்சி, இது இழவு வீட்டுப் படம் மாதிரி இருக்கிறதே, வீட்டில் சொல்லிவிட்டீர்களா?” என்றார். துறவிகள் தூக்கிப் போகும் பெட்டியை அவ்வளவு சிறிய உருவங்களுக்கு நடுவே உடனே கண்டுபிடித்த கண் அது. பொன்னிறப் பீடிங் பட்டையை எடுத்து வைத்துப் பார்த்து, அவரே தலையாட்டித் திருப்பி வைத்தார். நான் கொண்டுபோன பழைய தேக்கு ரீப்பர் கட்டையை இழைத்து, பாலிஷ் போடாமல் சட்டமாக்கினார். பழுப்புக்குப் பழுப்பு சேர்ந்துகொண்டது.

கண்ணாடியில்தான் அவர் கெட்டிக்காரர். பளபளப்பில்லாத மேட் கண்ணாடி கேட்டேன். மறுக்காமல் எடுத்து வந்து வைத்தார். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் கனம் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் மேட் கண்ணாடி படத்தைக் கலங்கலாக்கிவிடும். வானத்து மெல்லிய பிறை காணாமல் போயிற்று. சாதாரணக் கண்ணாடியை மாற்றி வைத்ததும் பிறை திரும்பி வந்தது. “ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்” என்றார். சாரல் காலத்து ஈரம் ஏறாமலிருக்கப் பின்புறம் முழுக்கத் தாள் ஒட்டி அடைத்தும் தந்தார். எத்தனை கடையில் இதைச் செய்கிறார்கள்?

மரம் என்னுடையது என்பதால் 850 ரூபாய்தான் ஆயிற்று. குறை என்றால், சொன்ன நாளில் கிடைக்காது. போன் செய்தால் எடுக்கவும் மாட்டார். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் போட்டோக்கள் குவிந்துவிடும், அப்போது போகாதீர்கள். என் மனைவி படத்தை வரவேற்பறையில் மாட்ட ஒப்பவில்லை. இப்போது டிப்போ ஆபீசில், என் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. லோடு ஏற்ற வருகிற புனலூர் லாரிக்காரர்கள் இது எந்தக் காடு என்று கேட்கிறார்கள்.