அளவு குறித்த வளைவுள்ள உலக உருண்டை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் பாடமாக வந்தபோது, சென்னை பாரிமுனையில் ஓர் எழுதுபொருள் கடையில் 1,650 ரூபாய் கொடுத்து ஓர் உலக உருண்டை வாங்கினேன். 30 சென்டிமீட்டர் விட்டம், நாடுகளை வண்ணம் பிரித்துக் காட்டும் அரசியல் வரைபடம், இரண்டு அரைக்கோளங்களாகச் செய்து நிலநடுக்கோட்டில் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் பந்து, உலோகத் தாங்கி. ஓராண்டுக்கு மேல் வீட்டில் புழங்கிய பின் இதை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதே போன்ற உருண்டைகள் பல முத்திரைகளில் கிடைக்கின்றன என்பதால், பெயரைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

கடையில் பத்துப் பன்னிரண்டு வகைகள் இருந்தன. உள்ளே விளக்கு எரிபவை, பழங்கால நிறம் பூசியவை, விலங்குப் படங்கள் ஒட்டியவை எல்லாம் இருந்தாலும், நான் இரண்டு உறுப்புகளை மட்டுமே தேடினேன். ஒன்று, பந்தைப் பிடித்திருக்கும் உலோக வளைவில் நிலநடுக்கோட்டுக்கு 0 என்றும் துருவங்களுக்கு 90 என்றும் பாகைகள் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். மற்றது, வடதுருவத்தில் 24 மணி நேரம் குறித்த சிறிய வட்டு ஒன்று தனியே சுழல வேண்டும். விலை குறைந்தவற்றில் வளைவு வெறும் தகடாகவே இருந்தது; விலை மிகுந்த அலங்கார வகைகளிலும் அப்படியே இருந்தது வியப்பளித்தது. இவ்விரண்டும் இல்லாத உருண்டை மேசைக்கு அழகு சேர்க்கலாம், கோடுகளைக் கற்பிக்காது என்பது என் கருத்து.

மகளின் குழப்பம் எளிமையானது, ஆனால் பெரியவர்களுக்கும் உள்ளது. "கோடு குறுக்கே போகுது, எண் மட்டும் ஏன்ப்பா மேலேயும் கீழேயும் மாறுது?" என்று கேட்டாள். அட்சக்கோடு கிழக்கு மேற்காக ஓடுகிறது, ஆனால் அது சொல்வதோ நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை. தட்டையான பள்ளி வரைபடத்தில் இரண்டு வகைக் கோடுகளும் மீன்வலை போலச் சமமாகத் தெரிவதால், எது எதை அளக்கிறது என்பது கண்ணில் படுவதே இல்லை. உருண்டையில் வளைவை அசையாமல் வைத்துப் பந்தை மட்டும் சுழற்றியபோது, 13 பாகைக் குறிக்கு அடியில் சென்னையும் பெங்களூருவும் பாங்காக்கும் அடுத்தடுத்துக் கடந்து போயின (பாங்காக் முக்கால் பாகை மேலே). சுழற்றினாலும் மாறாதது அட்சம், சுழற்றச் சுழற்ற மாறுவது தீர்க்கம் என்று அவளே சொன்னாள். நான் படித்த நாளில் இவை அட்சரேகை, தீர்க்கரேகை. இலங்கைப் பாடநூல்களில் அகலக்கோடு, நெடுங்கோடு. இந்த ஒரு செய்தியில் இலங்கைச் சொற்களே குழந்தைக்கு விரைவில் புரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்களின் வரிசையும் முக்கியம். கைப்பேசி சென்னையை 13.08, 80.27 என்று காட்டுகிறது. முதலில் அட்சம், பிறகு தீர்க்கம். இரண்டையும் இடம் மாற்றி உருண்டையில் தேடச் சொன்னேன். விரல் போய் நின்ற இடம் நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரையை ஒட்டிய பனிக்கடல். அதன் பிறகு அவள் வரிசையை மறக்கவில்லை.

இந்த அளவுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 425 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டைச் சுற்றி நூல் பிடித்தால் 94 சென்டிமீட்டர் வருகிறது. 60 பாகை வட அட்சக்கோட்டில் அதே நூல் சரிபாதியாக, 47 சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது. தீர்க்கக்கோடுகள் எல்லாம் ஒரே நீளம், அட்சக்கோடுகள் துருவத்தை நோக்கிச் சுருங்குகின்றன என்று பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதை நூல் ஐந்து நிமிடத்தில் மெய்ப்பித்தது. இந்தியாவின் அளவு பற்றிய கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. நம் நாட்டின் முதன்மை நிலப்பரப்பு வடக்குத் தெற்காக ஏறக்குறைய 29 பாகை, கிழக்கு மேற்காகவும் ஏறக்குறைய 29 பாகை பரவியிருக்கிறது. ஆனால் நீளம் 3,214 கிலோமீட்டர், அகலம் 2,933 கிலோமீட்டர். பாகை ஒன்றாக இருந்தும் தொலைவு ஏன் குறைகிறது என்பதை, வடக்கே போகப்போக நெருங்கி வரும் தீர்க்கக்கோடுகளைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தீர்க்கக்கோடுகள் 15 பாகைக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கின்றன. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது என்பதால், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஒரு மணி நேரம். இந்தியத் திட்ட நேரத்துக்குரிய 82½ பாகைக் கோடு உருண்டையில் அச்சாகவில்லை. முதலில் அதைக் குறையென்றே எண்ணினேன். 75-க்கும் 90-க்கும் நட்டநடுவே அது விழுகிறது என்று கண்டு மகள் பென்சிலால் கோடு இழுத்தபோதுதான், கிரீன்விச்சைவிட நாம் ஐந்து மணி நேரமோ ஆறு மணி நேரமோ முந்தியிராமல் ஐந்தரை மணி நேரம் முந்தியிருப்பதன் கணக்கு அவளுக்கு விளங்கியது. துருவ வட்டின் 12-ஐ அந்தப் பென்சில் கோட்டுக்கு நேராக வைத்தால் லண்டனுக்குக் காலை 6.30, நியூயார்க்குக்குப் பின்னிரவு 1.30. கோடைக்காலத்தில் அந்நாடுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது வட்டுக்குத் தெரியாது. அதைப் பெற்றோர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சென்னை அந்தப் பென்சில் கோட்டுக்கு மேற்கே இரண்டேகால் பாகை அளவு தள்ளியிருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், கடிகாரம் 12 அடித்து ஏறத்தாழ 9 நிமிடம் கழிந்தே இங்கு சூரியன் உச்சிக்கு வர வேண்டும். 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன் ரயில்வே பின்பற்றிய மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியிருந்தது என்பதும் இதே கணக்குதான். அந்த நேரத்துக்கு ஆதாரமாக இருந்த நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் 1792-ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

இந்த உருண்டையை நான் பிறருக்குப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், பசிபிக் பெருங்கடலின் வெற்றிடத்தில் அச்சாகியிருக்கும் எட்டு வடிவ வளைகோடு. உடன் வந்த ஒற்றைத்தாள் கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அழகுக்குப் போட்டது என்று நினைத்துக் கடந்துவிடக்கூடும். ஆண்டின் எந்த நாளில் சூரியன் எந்த அட்சக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது என்பதைக் காட்டும் நாட்காட்டி அது. அதன் மேல்முனை கடகரேகையையும் கீழ்முனை மகரரேகையையும் தொடுகின்றன. சென்னையின் அட்சக்கோட்டிலேயே கிழக்கே போய் அந்த எட்டைத் தொட்டால் இரண்டு நாட்கள் கிடைக்கின்றன: ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மற்றொன்று. நிழலில்லா நாள் என்று செய்தித்தாள்கள் எழுதுவது இவற்றைத்தான். எட்டின் அகலத்துக்கும் பொருள் உண்டு. கடிகாரத்தைவிடச் சூரியன் எத்தனை நிமிடம் முந்துகிறது, எத்தனை நிமிடம் பிந்துகிறது என்பதை அது காட்டுகிறது. ஆகஸ்ட் 18-இல் ஏறத்தாழ 4 நிமிடம் பிந்துகிறது. முன்னர்க் கண்ட 9 நிமிடத்தோடு இதைச் சேர்த்தால், சென்னையின் உச்சிவேளை 12 மணி 13 நிமிடம்.

கணக்கைச் சோதித்துப் பார்த்தோம். பந்தைத் தாங்கியிலிருந்து கழற்ற இரண்டு திருகாணிகளைத் திருகினால் போதும் என்பது இப்பொருளின் பெரிய நற்பேறு. தாங்கியில் இருக்கும்வரை அச்சு 23½ பாகைச் சாய்விலேயே நிற்கும், நம் ஊருக்கு ஏற்பத் திருப்ப முடியாது. மொட்டைமாடியில் ஒரு பிரிமனையை வைத்து, அதன்மேல் பந்தை, சென்னை உச்சியில் வருமாறும் வடதுருவம் வடக்கு நோக்குமாறும் அமர்த்தினோம். சென்னையின் மேல் துளிக் களிமண்ணில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக நிறுத்தினோம்; பக்கத்தில் தரையில் ஒரு குழாய்த்துண்டு. அன்று மேகம் விலகியிருந்தது எங்கள் நல்லூழ். 12 மணிக்கு இரண்டுக்கும் மேற்கே சிறு நிழல் இருந்தது, 12.13 அளவில் குண்டூசியின் நிழலும் குழாயின் நிழலும் ஒருசேர அடியில் ஒடுங்கின. அதைவிட என்னை நிறுத்திவைத்த காட்சி வேறு. வெயில் பட்ட பாதியும் படாத பாதியும் பிரியும் விளிம்பு, அந்த நொடியில் புவியின் மேல் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்த பகல்–இரவு எல்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை அந்த விளிம்பில், விடியலில் இருந்தது. நியூசிலாந்து இருளுக்குள் போயிருந்தது. வடதுருவத்தில் வெயில், தென்துருவத்தில் நிழல். எந்த மின்விளக்கும் பொருத்தாத உருண்டை இதைச் செய்தது.

நூல் வைத்து விமானப் பாதை பார்ப்பது மற்றொரு பயன். பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூலை இழுத்துப் பிடித்தால் அது பசிபிக்கின் குறுக்கே போகாமல், சைபீரியாவின் மேலேறி 70 பாகையைத் தொட்டுவிட்டு அலாஸ்கா வழியாக இறங்குகிறது. 33 சென்டிமீட்டர், அதாவது சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு நேரடி விமானத்தின் முதல் பயணம் இன்னும் மேலே, வடதுருவத்தின் மீதே பறந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது கோடுகளையே தொடுவதால் அதைப் பெரிதாகவே சொல்கிறேன். இரண்டு அரைக்கோளங்களும் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருப்பதால், இந்தியப் பெருங்கடலில் 75 பாகைத் தீர்க்கக்கோடு நிலநடுக்கோட்டைக் கடக்குமிடத்தில் 2 மில்லிமீட்டர் விலகி ஒடிந்து போகிறது. அது 85 கிலோமீட்டர்ப் பிழை. நேரக் கணக்கில் மூன்று நிமிடம். இணைப்பை மறைக்க ஒட்டிய 5 மில்லிமீட்டர்ப் பட்டை, இருபுறமும் ஒரு பாகை நிலத்தை விழுங்கிவிட்டது. ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ அதன் அடியில் காணாமல் போயிருக்கிறது, சிங்கப்பூர் மயிரிழையில் தப்பியிருக்கிறது. அடுத்து, வரைபடம் பழையது. 2011-இல் பிறந்த தெற்கு சூடான் இருக்கிறது, ஆனால் 2018-இல் எஸ்வாட்டினி என்று பெயர் மாறிய நாடு இன்னும் சுவாசிலாந்தாகவே உள்ளது. பன்னாட்டுத் தேதிக்கோடு கிரிபாட்டியைச் சுற்றிச் சரியாக வளைகிறது. சமோவாவையோ, 2011 டிசம்பர் 30-ஆம் நாளை அந்நாடு நாட்காட்டியிலிருந்து நீக்கித் தேதிக்கோட்டின் மறுபுறம் சென்ற செய்தி தெரியாமல், பழைய பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கிறது. எழுத்துகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. ஐரோப்பாவில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இந்திய எல்லை முறையாகக் காட்டப்பட்டுள்ளது.

துருவ வட்டு எட்டு மாதத்தில் தளர்ந்து, தானாகவே சுழலத் தொடங்கியது. அடியில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றைச் செருகியபின் நிற்கிறது. பந்தின் மேற்பூச்சு நன்று, பென்சில் கோடு ஈரத்துணியில் அழிகிறது, பால்பாயின்ட் பேனா அழியவில்லை.

20 சென்டிமீட்டர் உருண்டை பாதி விலைக்குக் கிடைக்கும் என்றாலும், அதில் ஒரு பாகை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. மேலே சொன்ன எந்த அளவையும் அதில் நம்பி எடுக்க முடியாது. 30 சென்டிமீட்டரே வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பந்தை ஒரு முழுச்சுற்றுச் சுழற்றி, தீர்க்கக்கோடுகள் நிலநடுக்கோட்டுப் பட்டையின் இருபுறமும் நேராகச் சந்திக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் வீட்டுக்கு வந்து, மறுநாள் மாற்றக் கேட்டபோது, பந்து சுழல்கிறது, விரிசல் இல்லை, பிறகு எதை மாற்றுவது என்று கடைக்காரர் மெய்யாகவே புரியாமல் கேட்டார்.