கோல்ஷா, ஆல்ட்டா? ரைன் நதிக்கரையின் இரண்டு பியர்கள்

ரைன் நதியோரம் கொலோன், டுசெல்டார்ஃப் என்று இரண்டு ஜெர்மன் நகரங்கள். இடையில் 40 கிலோமீட்டர்தான். ரயிலேறினால் அரை மணி நேரத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். கொலோன்காரர்கள் குடிப்பது பொன்னிறமான கோல்ஷ். டுசெல்டார்ஃப்காரர்கள் குடிப்பது செம்பு நிறத்து ஆல்ட். கொலோனில் உட்கார்ந்துகொண்டு ஆல்ட் கேட்டால் பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். டுசெல்டார்ஃபில் கோல்ஷ் கேட்டாலும் அதே கதைதான். அந்தப் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வரும் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரே ஒரு சாயங்காலம் கையில் இருக்கிறது, எந்த ஊருக்குப் போவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியருக்காகப் போவதென்றால் டுசெல்டார்ஃப். பழகாத மனிதர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிச் சிரிக்க வேண்டுமென்றால் கொலோன். இந்தத் தீர்ப்புக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. பியர் எந்தக் கட்டடத்தில் காய்ச்சப்படுகிறது, எந்தக் கட்டடத்தில் குடிக்கப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

செய்முறையில் எவ்வளவு நெருக்கம்

இவ்வளவு சண்டை போடும் இரண்டு பியர்களின் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். பியருக்கான ஈஸ்ட்டில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று, 15 முதல் 20 டிகிரி வரையிலான சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்து மேலே நுரையாகத் திரள்வது. இன்னொன்று, குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் படிவது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் லாகர் பியர்கள் இரண்டாவது வகை. 1870களில் கார்ல் ஃபான் லிண்டெயின் குளிரூட்டும் இயந்திரங்கள் வந்த பிறகு, பனிக்கட்டிக்கும் குளிர்காலத்துக்கும் காத்திராமல் வருடம் முழுக்க லாகர் தயாரிக்க முடிந்தது. ஜெர்மனியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்த இரண்டு ஊர்களும் மேலே திரளும் ஈஸ்ட்டை விடவில்லை.

ஆனால் குளிரை அவர்கள் முற்றிலும் ஒதுக்கவும் இல்லை. சூட்டில் நொதித்து முடிந்ததும் பியரைப் பல வாரங்களுக்குக் கடும் குளிரில் அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஈஸ்ட்டின் முரட்டு வாசனைகள் அடங்கி, வாயில் சுத்தமாக இறங்கும் பியர் கிடைக்கிறது. கோல்ஷும் ஆல்ட்டும் இந்த வழியில் வந்தவைதான்.

பிரிவது மால்ட்டிலும் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) ஹாப்ஸிலும் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ). கோல்ஷுக்கு வெளிர் பில்ஸ் மால்ட், சில ஆலைகளில் கொஞ்சம் கோதுமை. ஹாப்ஸ் அளவோடுதான். ஆல்கஹால் 4.8 சதவீதம் போல வரும். புது ரொட்டியின் மணம், ஓரத்தில் மெல்லிய ஆப்பிள் வாசனை, சட்டென்று முடிந்துவிடும் சுவை. ஆல்ட்டில் கருஞ்சிவப்பு மால்ட் சேர்கிறது, ஹாப்ஸும் தாராளம். ஆல்கஹால் கிட்டத்தட்ட அதே அளவுதான்; நிறத்தைப் பார்த்து ‘இது ஸ்ட்ராங்’ என்று நினைத்துவிட வேண்டாம். ரொட்டியின் கருகிய மேல்தோலும் வறுத்த கொட்டையும் முதலில் தெரியும், அப்புறம் கசப்பு வந்து நாக்கில் நிற்கும். கசப்பு பிடிக்காதவர்களுக்கு முதல் கிளாஸ் கஷ்டமாகத்தான் இருக்கும். இரண்டாவது கிளாஸில் அந்தக் கசப்புக்கு அடியில் இருக்கும் மால்ட் இனிப்பு பிடிபட ஆரம்பிக்கும்.

பகை எங்கிருந்து வந்தது

1288 ஜூனில் வோரிங்கன் போர் நடந்தது. கொலோன் பேராயர் தோற்றார். வென்ற பக்கத்தில் இருந்த பெர்க் பிரபு, அதே ஆண்டு ஆகஸ்டில் டுசெல்டார்ஃப் என்ற சிறு கிராமத்துக்கு நகர அந்தஸ்து கொடுத்தார். பகையின் தொடக்கம் இதுதான் என்று இரண்டு ஊரிலும் சொல்வார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், அந்தப் போரில் கொலோன் நகர மக்கள் தங்கள் பேராயருக்கு எதிராக, பெர்க் பிரபுவின் பக்கம் நின்றார்கள் என்பது. இன்று எதிரெதிரே நிற்கும் இரண்டு ஊரும் அன்று ஒரே அணி.

இப்போதைய உரசலுக்கு 1946தான் பொருத்தமான காரணம். பிரிட்டிஷ் நிர்வாகம் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தை உருவாக்கியபோது தலைநகராக டுசெல்டார்ஃபைத் தேர்ந்தெடுத்தது. ரோமானியர் காலத்திலிருந்து பெருநகரமாக இருந்த கொலோன் ஓரமாக நின்றது. அந்த வருத்தம் கால்பந்து, கார்னிவல், பியர் எல்லாவற்றிலும் தலைகாட்டும். கார்னிவலில் கொலோனில் ‘அலாஃப்’ என்று கத்துவார்கள், டுசெல்டார்ஃபில் ‘ஹெலாவ்’. மாற்றிக் கத்தக் கூடாது.

கொலோனில் பியர் காய்ச்சுபவர்களுக்கு அரசியல் பலமும் இருந்தது. 1396இல் நகர நிர்வாகத்தைத் தொழில்குழுக்கள் கையில் எடுத்துக்கொண்டபோது, அந்த 22 குழுக்களில் பியர் காய்ச்சுபவர்களின் குழுவும் ஒன்று. தங்கள் தொழிலைச் சட்டத்தால் காத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஊருக்குப் புதிதல்ல.

பெயருக்கு வேலி போட்ட ஊர், போடாத ஊர்

1986 மார்ச்சில் 24 ஆலைகள் சேர்ந்து கோல்ஷ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வெளிர் நிறம், மேலே திரளும் ஈஸ்ட், வடிகட்டித் தெளிந்த பியர், கொலோன் வட்டாரத்தில் தயாரிப்பு. இவை இருந்தால்தான் கோல்ஷ். ஊற்றித் தர வேண்டிய கிளாஸ்கூட அதில் உண்டு: ஷ்டாங்கெ என்ற ஒல்லியான நேர்க் கிளாஸ். 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயரைப் பாதுகாத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு இருக்கும் புவிசார் குறியீடு போன்ற ஏற்பாடு. பக்கத்து ஊரான பானில் உள்ள ஓர் ஆலை, வடிகட்டாத வெளிர் பியரை ‘பென்ஷ்’ என்று தன் ஊர்ப் பெயரில்தான் விற்கிறது. ஐரோப்பியச் சட்டம் எட்டாத அமெரிக்காவிலோ, சிறு ஆலைகள் கோல்ஷ் என்றே எழுதி ஊற்றுகின்றன.

வேலி போட்டதில் ஒரு நஷ்டமும் உண்டு. கோல்ஷுக்கு முன்பு கொலோன்காரர்கள் குடித்தது வீஸ் என்ற கலங்கலான, வடிகட்டாத பியர். இன்றைய கோல்ஷ் அதிலிருந்து வந்ததுதான். கோல்ஷ் என்ற பெயரைத் தன் பியருக்கு முதலில் சூட்டியதே 1918இல் சுன்னர் என்ற ஆலை. உடன்படிக்கை தெளிவைக் கட்டாயமாக்கியதால் அந்தப் பழைய பியர் பெயருக்கு வெளியே போய்விட்டது. சில ஆலைகள் இப்போதும் வீஸ் ஊற்றுகின்றன. கிடைத்தால் விடாதீர்கள், அதில் ஈஸ்ட்டின் மணம் முழுதாக இருக்கும்.

இன்னொன்று: உடன்படிக்கை ஊரைக் காத்தது, ஆனால் பியர் காய்ச்சும் இடத்தை மதுக்கூடத்தோடு கட்டிவைக்கவில்லை. கொலோன் பேராலயத்துக்குப் பக்கத்தில் 1904இல் தொடங்கிய ஃப்ரூ என்ற ஆலையும் 1980களில் தயாரிப்பை நகரின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பெரிய ஆலைகளின் கோல்ஷ்கள் எல்லாமே குறையில்லாதவை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். கட்டடத்துக்குள்ளேயே காய்ச்சும் இடங்களைத் தேடிப் போவதுதான் சரி. ஃப்ரீசன் தெருவில் 1883 முதல் இருக்கும் பெஃப்கென், ஹோய்மார்க்ட்டில் 1858இல் தொடங்கிய மால்ட்ஸ்மூலெ இரண்டும் என் சிபாரிசு. பெஃப்கெனில் மரப் பீப்பாயிலிருந்து நேராக ஊற்றுகிறார்கள்.

டுசெல்டார்ஃபின் கதை நேர்மாறு. ஆல்ட்டை யாரும் எங்கும் தயாரிக்கலாம். ஒரு காலத்தில் பெரிய ஆலைகள் அதை ஜெர்மனி முழுக்க விற்றன. பிறகு பில்ஸ் என்ற வெளிர் லாகர் பக்கம் கூட்டம் போனது, ஆல்ட்டின் விற்பனை சரிந்தது. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் ஆல்ட் பாட்டில்கள் பல கசப்பு குறைந்து, இனிப்பாக, யாரையும் உறுத்தாமல் இருக்கும். அதைக் குடித்துவிட்டு ஆல்ட் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, ஊருக்குப் போய்க் குடித்துப் பார்த்தீர்களா என்பதுதான்.

ஏனென்றால் ஊருக்குள் பியர் காய்ச்சி அங்கேயே ஊற்றும் நான்கு பழைய வீடுகள் அசையாமல் நின்றுவிட்டன. அவை தொடங்கிய ஆண்டுகள்: ஷூமாக்கர் 1838, ஃபுக்ஸ்சென் 1848, ஷ்லுசெல் 1850, யூரிகே 1862. பின்னால் 2010இல் குர்ட்ஸர் வந்து சேர்ந்தது. முன்னே மேஜை, பின்னே கொப்பரை. யூரிகேயில் கொதித்த மால்ட் சாற்றை ஆறவைக்க இன்னும் அகலமான, ஆழமில்லாத தொட்டியைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலான ஆலைகள் கைவிட்டுவிட்ட முறை அது. பியர் அங்கேயே முதிர்ந்து, மரப் பீப்பாயில் ஏறி, கூட்டத்துக்கு நடுவே உருட்டப்பட்டு வரும். பீப்பாயில் குழாயை அடித்துச் செருகுவார்கள். தன் எடையாலேயே பியர் இறங்கும். வெளியிலிருந்து வாயு ஏற்றாததால் குமிழி மென்மையாக இருக்கும். கசப்பும் மால்ட்டும் தனித்தனியாகத் தெரியும். நெரிசல் நேரத்தில் ஒரு பீப்பாய் சீக்கிரமே காலியாகிவிடும் என்பதால் பழசாக வாய்ப்பே இல்லை.

நான்கு வீட்டு ஆல்ட்டும் நான்கு விதம். கசப்பில் யூரிகே முதலிடம், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஷூமாக்கர் மென்மையானது, மால்ட் தூக்கல். கசப்புக்குப் பயப்படுபவர்கள் அங்கே தொடங்கலாம். ரயில் நிலையத்துக்கும் பழைய நகருக்கும் நடுவில் இருப்பதால் வழியிலேயே வந்துவிடும்.

மேஜையில் யார் ஜெயிக்கிறார்கள்

பரிமாறுபவருக்கு இரண்டு ஊரிலும் கோபெஸ் என்றுதான் பெயர். நீல ஏப்ரன் கட்டியிருப்பார், பேச்சில் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கும், அது கோபமில்லை. நீங்கள் கேட்க வேண்டியதில்லை. கிளாஸ் காலியானால் அடுத்தது வந்துவிடும், கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். போதும் என்றால் அட்டையை எடுத்து கிளாஸ் மேல் மூட வேண்டும். கடைசியில் கோடுகளை எண்ணிக் காசு வாங்குவார். கோல்ஷ் கிளாஸ் 200 மில்லி, ஆல்ட் பெரும்பாலும் 250. கோல்ஷின் நுரை சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் சின்ன கிளாஸில் அடிக்கடி புதுசாக வருவது அதற்குப் பொருத்தம்.

மனிதர்கள் என்று வந்தால் கொலோன்தான். நீளமான மர மேஜைகளில் இடம் இருந்தால் யார் பக்கத்திலும் உட்காரலாம், பத்து நிமிடத்தில் உங்கள் ஊர், வேலை எல்லாம் விசாரித்துவிடுவார்கள். ஊர்ப் பேச்சுமொழியில் பாட்டு தொடங்கினால் மொத்த அறையும் சேர்ந்துகொள்ளும், வார்த்தை தெரியாதவர்கள்கூட. வீட்டு விசேஷத்துக்கு ‘பிட்டர்மென்ஷென்’ என்ற 10 லிட்டர் பீப்பாயை வாங்கிப் போவதும் அங்கே சகஜம். டுசெல்டார்ஃபில் நல்ல வானிலை என்றால் கூட்டம் தெருவில் உயரமான மேஜைகளைச் சுற்றி நின்றபடி குடிக்கும். கலகலப்புக்குக் குறைவில்லை, ஆனால் வந்தவர்கள் தங்கள் கூட்டத்தோடுதான் நிற்பார்கள். தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

சாப்பாட்டில் இரண்டும் பன்றி இறைச்சி ஊர்கள். சைவக்காரர்கள் கொலோனில் ‘ஹால்வெ ஹான்’ கேளுங்கள். பெயருக்கு அரைச் சேவல், வருவது ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியும் தடித்த சீஸ் துண்டும் கடுகு விழுதும் வெங்காயமும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ஜனவரி அல்லது அக்டோபரின் மூன்றாவது செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று யூரிகேயில் ‘ஷ்டிக்கெ’ ஊற்றுவார்கள்: வழக்கமான ஆல்ட்டைவிட மால்ட்டும் ஹாப்ஸும் கூட்டிக் காய்ச்சிய, சுமார் 6 சதவீத பியர். உள்ளூர்க்காரர்களும் அன்றைக்கு வேலையை முடித்துக்கொண்டு நேராக அங்கேதான் வருவார்கள், அதனால் மதியமே போய் இடம் பிடித்துவிடுங்கள்.