பழைய பிஎஸ்5 ஸ்லிம்: டிஸ்க் டிரைவ் இருந்தால்தான் கட்டுப்படியாகும்

பினாங்கில் கொம்தார் வட்டாரத்துக் கடையொன்றில் தீபாவளிக்கு முன்னால் பழைய பிஎஸ்5 ஸ்லிம் ஒன்று வாங்கினேன், அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷினின் மெலிந்த வகை. டிஸ்க் டிரைவ் உள்ள மாடல், ஒரு கண்ட்ரோலர், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 1,650 வெள்ளி (ரிங்கிட்). சீனப் புத்தாண்டும் முடிந்துவிட்டது, பிள்ளைகள் இருவரும் அதை விட்டபாடில்லை. ஆகவே இப்போது நம்பி எழுதலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் டிஸ்க் போடுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் எடிஷன் இருநூறு முந்நூறு வெள்ளி குறைவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கம் சாய்ந்தால், மிச்சம் பிடித்த காசு முதல் இரண்டு கேமிலேயே கரைந்துவிடும். கணக்கு கீழே வருகிறது.

புதுசு ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் இந்த மெஷின் மலேசியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 2,299 வெள்ளி, டிஜிட்டல் 1,869. கேம் மெஷின் வந்த புதிதில் விலையாக இருக்கும், போகப் போக இறங்கும், நம்மைப் போன்றவர்கள் மூன்றாம் வருடத்தில் வாங்குவோம். நாங்கள் வளர்ந்த காலத்து நடைமுறை அதுதான். பிஎஸ்2 அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்தது; 2002இல் 199, 2009இல் 99. பிஎஸ்4 கூட 2013இல் 399 டாலர், மூன்று வருடம் கழித்து ஸ்லிம் 299. பிஎஸ்5 கதை தலைகீழ். 499 டாலருக்கு வந்தது, 2025 ஆகஸ்டில் 549.99 ஆனது. டிஜிட்டல் மாடல் அப்போது 399இலிருந்து 499.99க்குப் போனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இன்னும் மோசம்: 2025இல் மட்டும் இரண்டு முறை ஏற்றி, 499 டாலராக இருந்ததை 649.99 ஆக்கினார்கள். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், எட்டு வயதான மெஷின், அதற்கும் 40 டாலர் கூட்டினார்கள். எட்டு வருடப் பழைய சாமானுக்கு விலை ஏறுவதை வேறு எந்தக் கடையில் பார்த்திருக்கிறோம்? நகைக்கடையைச் சொல்லாதீர்கள்.

அமெரிக்காவில் இறக்குமதி வரி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சிப். முன்பெல்லாம் அதே சிப்பை இரண்டு மூன்று வருடம் கழித்து இன்னும் சின்னதாகச் செய்வார்கள், ஒரு வேஃபரில் (சிப்களை வெட்டியெடுக்கிற சிலிக்கான் தட்டில்) கூடுதலாக வரும், செலவு குறையும், விலையும் இறங்கும். இப்போது சின்னதாகச் செய்வதற்கே செலவு எகிறுகிறது. அதன்மேல் நினைவகத் தட்டுப்பாடு. இந்த மெஷினுக்குள் 16 ஜிபி ஜிடிடிஆர்6 நினைவகம், அதற்கு மேல் கேம்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டி. இரண்டையும் செய்கிறவர்கள் பெரும்பாலும் அதே சில கம்பெனிகள்தான், அவர்கள் இப்போது ஏஐ டேட்டா சென்டர்களுக்கு அனுப்புவதில் மும்முரமாக இருக்கிறார்கள். இங்கே பினாங்கின் பத்து காவானில் ஆலை வைத்திருக்கும் நினைவகக் கம்பெனி மைக்ரான், கடையில் நாம் வாங்குகிற க்ரூஷியல் நினைவக வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நானும் பாயான் லெப்பாசில் சிப் ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன்தான். ஊரே சிப் செய்கிறது, சிப் விலை ஏறியதால் மெஷின் நமக்கு எட்டவில்லை என்று கேண்டீனில் பேசிச் சிரிப்போம். எப்படியும் அடுத்த வருடம் மலிவாகும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை என்று முடிவு செய்தேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆன நாட்டில், பழைய மெஷினே ஒரு மாத உழைப்பைக் கேட்கிறது. புதுசு அதையும் தாண்டுகிறது.

சரி, கடைக்கு வருவோம். சின்னக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார், கால்குலேட்டரில் எண்ணைத் தட்டி நம் பக்கம் திருப்புவார். உதவிக்கு நிற்கிற பையன் நம்மவன். நான் டிஜிட்டல் மாடலை எட்டிப் பார்த்ததும் அவன்தான் தடுத்தான்.

"அண்ணே, அத எடுத்தா எங்க கடைக்கு நீங்க திரும்ப வரவே மாட்டீங்க."

"ஏன் தம்பி, நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லதில்ல. கேம் எல்லாம் ஆன்லைன்ல முழு விலை. முடிச்சதும் விக்கவும் முடியாது."

வியாபாரத்துக்காகச் சொன்னான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அவன் பக்கம்தான் இருக்கிறது. புதுப் பெரிய கேம் ஒன்று பிளேஸ்டேஷன் ஸ்டோரில் முந்நூறு வெள்ளியை ஒட்டி இருக்கும். வாங்கினால் அது அந்தக் கணக்கோடு கட்டுண்டது, தம்பி மகனுக்குக் கூடக் கொடுக்க முடியாது. அதே கேமின் பழைய டிஸ்க் கொஞ்ச நாளில் கடையில் 130க்கு வருகிறது. மகன் விளையாடி முடித்ததும் எடுத்துப் போனால் தவுக்கே 90 கொடுக்கிறார். ஆக அந்தக் கேமுக்கு எங்களுக்கு ஆன செலவு 40 வெள்ளி. ஸ்பைடர்மேன் 2, ஆஸ்ட்ரோ பாட் இரண்டையும் இப்படித்தான் முடித்தோம். ஆஸ்ட்ரோ பாட்டை மட்டும் மகள் விற்க விடவில்லை, அது அலமாரியில் இருக்கிறது. பிஎஸ்4 டிஸ்க்குகளும் இதில் ஓடும். அவை ஐம்பது அறுபது வெள்ளிக்கே கிடைக்கின்றன, இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கிற என் மகனுக்கு அது பழசு என்று தோன்றவே இல்லை.

பிஎஸ்2 காலத்தில் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்குக் கள்ள டிஸ்க் வாங்கி விளையாடியவர்கள்தான் நாம் எல்லாரும். கள்ள டிஸ்க் ஓடுவதற்காக மெஷினுக்குள் சிப் போட்டுத் தர ஆள் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் நம் வட்டாரத்தில் இத்தனை பேர் கேம் விளையாடப் பழகியது அப்படித்தான். இன்றைக்கு அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்புவது பழைய டிஸ்க் வியாபாரம். நேர்மையான வழியும்கூட.

டிஸ்க் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். டிஸ்க் பெட்டியின் முதுகில் ரீஜன் 3 (நம் தென்கிழக்காசிய வட்டாரம்) என்று இருக்கிறதா என்பது ஒன்று. வேறு வட்டார டிஸ்க்கும் ஓடும், ஆனால் பிறகு கூடுதல் அத்தியாயம் எதையாவது ஆன்லைனில் வாங்கினால், டிஸ்க் எந்த வட்டாரமோ அதே வட்டாரக் கணக்கில் வாங்கினால்தான் சேரும். இரண்டாவது, வருடா வருடம் வருகிற கால்பந்து கேம். அடுத்தது வந்ததும் பழையது தரைவிலை. எஃப்சி 26ஐ வைத்துக்கொண்டு செப்டம்பர் வரை காத்திருந்தால் தவுக்கே கால்குலேட்டரைக்கூடத் தொடமாட்டார்.

மெஷின் எப்படி? சத்தம் இல்லை, டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மட்டும் ஒரு உறுமல். கேம் திறக்கிற வேகம் பழைய பிஎஸ்4 வைத்திருந்தவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். ஸ்லிம்மில் 1 டிபி இடம்; பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியை விழுங்குவதால் டிஸ்க் இருந்தாலும் அழித்து அழித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. டிஸ்க் வாங்கினால் டவுன்லோட் இல்லை என்று நினைக்காதீர்கள், அப்டேட் வந்தே தீரும். நிமிர்த்தி வைக்கிற ஸ்டாண்ட் தனியாக விற்கிறார்கள். படுக்க வைக்கக் கூடவே வருகிற இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் பார்க்கச் சகிக்கவில்லை, வேலை செய்கின்றன. உள்ளேயே இலவசமாக இருக்கிற ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை முதல் நாள் போட்டுக் காட்டுங்கள். கண்ட்ரோலர் கைக்குள் அதிர்வதைப் பார்த்து என் மனைவியே ஒரு ஆட்டம் ஆடினாள்.

குறை இல்லாமல் இல்லை. எனக்குக் கொடுத்த கண்ட்ரோலரில் இடது குச்சி தானாக நகர ஆரம்பித்தது. கடை தந்த உத்தரவாதம் ஒரு மாதம், அதுவும் துண்டுச்சீட்டில். நல்லவேளை அதற்குள் வந்தது, தவுக்கே ஒன்றும் பேசாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார், நிறம்தான் பொருந்தவில்லை. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் கடையிலேயே வைத்து டிஸ்க்கை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள், எச்டிஎம்ஐ துவாரம் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள், போன் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளே நுழைந்து பாருங்கள். சோனி தடை செய்த மெஷினாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவைக் கழற்றி மாட்டலாம், ஆனால் புதிதாக மாட்டியதை மெஷினோடு இணைக்க ஒரு தடவை இணையம் வேண்டும். டிஜிட்டல் மாடலை மலிவாக எடுத்து டிரைவைத் தனியாக வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கிடைத்தால் செய்யுங்கள், நான் தேடியபோது டிரைவுக்குக் கேட்ட விலையில் மிச்சமே இல்லை.

நண்பர்களோடு ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். நாங்கள் கட்டவில்லை. ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு அது தேவையே இல்லை, மகனின் வகுப்புத் தோழர்கள் முக்கால்வாசிப் பேர் அதில்தான் கிடக்கிறார்கள். மாதச் சந்தாவில் பல கேம்கள் ஆடவிடுகிற எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் மலிவாயிற்றே என்று இன்னும் யாராவது சொன்னால், அமெரிக்காவில் மாதம் 19.99 டாலராக இருந்தது 2025 அக்டோபரில் 29.99 ஆனதைச் சொல்லுங்கள். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 நல்ல மெஷின், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் மரியோ கார்ட் வேர்ல்டு என்ற ஒரே கேமுக்கு 80 டாலர் வைத்த கம்பெனி அது, அவர்களின் கேம்கள் பழசானாலும் லேசில் இறங்காது.

பட்டர்வொர்த் பக்கமிருந்து வருகிறவர்கள் காரை விட்டுவிட்டு பெர்ரியில் வாருங்கள், கொம்தாரில் பார்க்கிங் தேடுவதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். கடை மதியத்துக்கு மேல்தான் முழுதாகத் திறக்கிறது. காசாகக் கொடுத்தால் பத்து இருபது குறைப்பார்.

இப்போது வீட்டில் அடுத்த கோரிக்கை இரண்டாவது கண்ட்ரோலர். புதுசு முந்நூறை ஒட்டி இருக்கிறது. தவுக்கே பழையதுக்கு 180 தட்டிக் காட்டினார். நான் 150 தட்டித் திருப்பினேன். யோசிக்கிறேன் என்கிறார்.